மத்தபடி பரவால்லீங்க

முழங்கால் வலி மரியாதையான வியாதி. அதை யாரிடமும் சொல்லலாம். டீக்கடையில் சொல்லலாம், கல்யாணப் பந்தியில் சொல்லலாம், மாமனாரிடம் வேட்டியைத் தூக்கி வீக்கத்தையே காட்டலாம். கேட்பவர் தன் முழங்காலையும் ஒரு தடவை தடவிக்கொண்டு ஏதாவது தைலத்தின் பேரைச் சொல்லுவார். கல்யாணமான முதல் வருஷம் எனக்கு இரண்டு தொந்தரவு வந்தது. ஒன்று முழங்காலில். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாதது இதுதான்: வயிற்றால் போனது. அடிக்கடி, அவசரமாக, சளியும் ரத்தமுமாகப் போனது. இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. இதையே நாசூக்காக வேறு மாதிரி எழுதிப் பார்த்து அடித்தேன். அந்த நாசூக்குதான் என்னைப் பாதி கொன்றது என்பதால் இப்படியே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சின்ன லேத் பட்டறை வைத்திருந்தேன். மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் வேலை. தை மாதம் கல்யாணம். பெண் தொண்டாமுத்தூர்ப் பக்கம், தென்னந்தோப்புக்குள் வீடு. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் குளிக்கவும் மற்றதற்கும் ஒரே அறைதான், ஒரே கதவு. பங்குனி முடிவதற்குள் அந்தக் கதவுதான் என் வாழ்க்கை ஆகிவிட்டது.

புது மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்ல முடியவில்லை. அவள் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் வாட்ச் என்று அவள் முன்னால் நடமாடிய ஆள், இப்படி ஒரு விஷயத்தை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பான்? குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மறைத்தேன். உள்வேட்டியை நானே துவைத்தேன். துவைத்ததைப் பார்த்துவிட்டு அவள், "ஏனுங்க, நான் தொவைக்கறது சுத்தமா இல்லீங்களா?" என்று கேட்டாள். "அப்படியெல்லாம் இல்ல, சும்மாதான்" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் குளியலறையில் அதிக நேரம் எடுக்க ஆரம்பித்தாள். காலையில் ஒரு குளியல், பட்டறையிலிருந்து நான் வருவதற்கு முன்னால் ஒரு குளியல். சோப்பை மாற்றினாள், பிறகு இன்னொரு சோப்பு. வீடு முழுக்க மணத்தது. எனக்கோ உள்ளே போயே தீரவேண்டும். கதவைத் தட்டி, "உள்ள என்ன, குடித்தனமா பண்றே?" என்று கத்தியிருக்கிறேன். ஈரத்தலையோடு சுவரை ஒட்டி அவள் ஒதுங்கி வெளியே வருவாள், நான் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே பாய்வேன். என்ன நினைத்தாளோ என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. வயிறு என்னை யோசிக்க விட்டதும் இல்லை.

மாமனார் வீடு இன்னும் மோசம். மோசம் என்றால் அவர்கள் நல்லவர்கள், அதுதான் மோசம். கக்கூஸ் வாசலுக்கு எதிரே மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இருந்தது. மாமனார் கயிற்றுக்கட்டில் போட்டு உட்காருவது அதற்குப் பக்கத்தில். நான் எழுந்தால் போதும், "மாப்பிள்ளை போறாருங்க" என்று அவர் உள்ளே குரல் கொடுப்பார். மாமியார் ஓட்டமாக வந்து வாளியில் தண்ணீர் நிறைத்து வைப்பார். மச்சான் துண்டோடு நிற்பான். ஒரு தடவை என்றால் உபசாரம். ஒரே மதியத்தில் திரும்பத் திரும்ப அந்த ஊர்வலத்தை யாரால் நடத்த முடியும்? போவதையே நிறுத்திவிட்டேன். "லோடு அனுப்போணும் மாமா", "கரெண்டு இருக்கறப்பவே வேலைய முடிச்சுப்போடோணும் மாமா" என்று ஏதாவது சொல்லித் தப்பித்தேன். அவள் மட்டும் தனியாகப் போய்வந்தாள். மாப்பிள்ளைக்கு நம்ம ஊடு ஆகலையாட்டம் என்று அங்கே பேச்சு எழுந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வைகாசியில் முழங்கால் வீங்கியது. அது வெளியே தெரிகிற வீக்கம், அதனால் அதற்கு வைத்தியம் உண்டு. சேதி கேட்டதும் மாமனார் மச்சானோடு வந்து இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூட ஆள் இல்லாமல் போனால் கேட்க நாதியில்லாதவன் என்று அர்த்தம். கூட வருகிறவர்கள் வெளியே உட்காருவதும் இல்லை, டாக்டர் அறைக்குள்ளேயே வந்து நிற்பார்கள். அதுவும் பாசம்தான்.

டாக்டர் எங்கள் பக்கத்துக்காரர், பெரியவர், மெதுவாகப் பேசுவார். முழங்காலை மடக்கிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "கொஞ்சம் வெளுத்திருக்கீங்களே தம்பி" என்றார். பிறகு, "மத்தபடி? பசி, தூக்கம், வெளிய போறதெல்லாம்?" என்று கேட்டார்.

எனக்கு இடதுபுறம் மாமனார், வலதுபுறம் மச்சான். "மத்தபடி பரவால்லீங்க" என்றேன்.

எங்களூர்ப் 'பரவால்லீங்க' என்பதற்கு அர்த்தமே கிடையாது. பயிர் எப்படி என்றாலும் பரவால்லீங்க, பெண்ணை எடுத்த இடம் எப்படி என்றாலும் பரவால்லீங்க. குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஊர். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அவர் எனக்குச் சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முடக்குவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை, ரத்தம் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., நெஞ்சுக்கு எக்ஸ்ரே. கடைசியாக, எதற்கும் இருக்கட்டும் என்று, மோஷன் டெஸ்ட்.

லேபில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். மச்சான் அதை வாங்கி, "நான் புடிச்சுக்கறனுங்க மாமா" என்றான். அந்த டப்பா நிறைந்து அவன் கைக்கு வருவதை நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு, "இன்னிக்கு வர்லீங்க" என்று காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். நாளெல்லாம் வேறு வேலையே இல்லாமல் இருந்தவன் சொன்னது அது.

முடிவுகள் வந்தன. முடக்குவாதம் இல்லை. எலும்பு நன்றாக இருந்தது, நெஞ்சும் சுத்தம். ஈ.எஸ்.ஆர். மட்டும் எகிறியிருந்தது, ரத்தம் குறைவு. டாக்டர் வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். வலி மாத்திரை முழங்கால் வலியைக் கொஞ்சம் அடக்கியது. வயிற்றை ரணகளமாக்கியது. அந்த மாதிரி மாத்திரை குடல் புண்ணைக் கிளறிவிடும் என்று அவருக்குத் தெரியும். குடலில் புண் இருப்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஆனியில் மறுபடி போனோம். இப்போது மாமனாரோடு என் சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார், அறையில் நிற்க இடமில்லை. ஈ.எஸ்.ஆர். முன்னைவிட ஏறியிருந்தது. கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்க்கும் காசநோய்ச் சோதனை செய்தார்கள், கொஞ்சம் தடித்தது. நம்மூரில் பாதிப் பேருக்குத் தடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒடம்புக்குள்ள எங்கியோ அழற்சி இருக்குது. நாள்பட்டதாட்டம் இருக்குது. ஆனா எங்கன்னு இந்த ரத்தம் சொல்லாது. இன்னும் நூறு டெஸ்ட் இருக்குது, எல்லாத்தையும் எழுதித் தள்ளறது வைத்தியம் இல்லீங்க. எந்தப் பக்கம் தேடறதுன்னு நீங்க காட்டுனீங்கன்னா நான் அந்தப் பக்கம் தேடுவேன். மத்தபடி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சித்தப்பா என் தோளைத் தட்டி, "அவன் கல்லுங்க, மத்தபடி ஒன்னுமில்லீங்க" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு தலையாட்டலில் வயிறு முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், தப்பித்தோம் என்று நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் இன்றைக்கு அதிகம் வெட்கப்படுகிறேன்.

பிறகு ஆடி நோம்பி வந்தது, ஆடிப் பண்டிகைக்கு எங்கள் பக்கத்துப் பேர். கல்யாணமாகி வரும் முதல் ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டில் விருந்துக்கு அழைத்தே ஆகவேண்டும். மாமனாரே நேரில் வந்து அழைத்தார். இதற்கும் போகாவிட்டால் உறவே அறுந்தது என்று பொருள். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்து வயிற்றை அடக்கினேன். வீங்கிய முழங்காலோடு ஸ்கூட்டரை உதைக்க முடியாது என்பதால் உக்கடத்தில் பஸ் ஏறினோம். அவள் அரக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் பழக்கூடையையும் துணிப்பையையும் வைத்துக்கொண்டாள். கால்மாட்டில் வைக்க இடம் இருந்தது. அழுக்காகிவிடும் என்று வைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பேரூர் தாண்டியதும் அடிவயிற்றில் திருகியது. பல்லைக் கடித்தேன். அடுத்த திருகலில் புரிந்துவிட்டது, இது நிற்காது. பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது. எழுந்தேன். "என்னங்க?" என்றாள். பஸ்ஸில் அவள் ஊர்க்காரர்கள் பலர், எல்லாரும் புதுமாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ போ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. இறங்கி ஓடினேன்.

வாழைத்தோப்புக்குள் பாதி தூரம்தான் போக முடிந்தது. மீதியை எழுத மாட்டேன். மோட்டார் ரூம் பக்கத்துத் தொட்டியில் வேட்டியை அலசினேன், சிவப்பு போகவில்லை. எங்கள் பட்டறையில் கடைந்த சாமான் உள்ள பம்பாகக்கூட அது இருந்திருக்கும், தண்ணீர் நன்றாகத்தான் கொட்டியது. ஈர வேட்டியோடு, கறையோடு, விருந்து வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிக் கோயமுத்தூருக்கே திரும்பிவிட்டேன்.

அவள் தனியாகப் போய் இறங்கியிருக்கிறாள். முதல் ஆடிக்கு, பட்டுச் சேலையோடு, பழக்கூடையோடு, மாப்பிள்ளை இல்லாமல். ஊரே பார்த்திருக்கிறது. அதன் பிறகு அவள் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடப் போகவில்லை. போனால் காரணம் சொல்லவேண்டுமே.

ஆவணி பிறந்து மாமனார்தான் வந்தார். அவளையும் கூட்டிவந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. சட்டை என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாங்க மாப்பிள்ளை, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். டாக்டர் என்னை எடை மேடையில் ஏற்றினார், எடையைக் குறித்துக்கொண்டு திரும்ப உட்காரச் சொன்னார். ஈ.எஸ்.ஆர். இன்னும் ஏறியிருந்தது. அவர் என்னிடம் கேட்பதற்குள் மாமனார் தொண்டையைச் செருமினார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"ஏனுங்க டாக்டர். நான் படிக்காதவன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோணும். மாப்பிள்ளைக்கு என்ற புள்ளையப் புடிக்கலீங்க. சொல்ல மனசு வராம உள்ளயே வெச்சுட்டு இருக்காரு. நல்ல மனுசன், அதனாலதான் சொல்ல மாட்டேங்கறாரு. புடிக்காத புள்ளையோட இருந்தா ஒடம்பு இப்படி எளைக்குமுங்களா? அதுக்கு ஏதாச்சும் டெஸ்ட் இருக்குதுங்களா? இருந்தா அதையும் எழுதிப்போடுங்க. அப்படித்தான்னு வந்தா நான் என்ற புள்ளையக் கூட்டிட்டுப் போயிர்றனுங்க. அவரு பொழைச்சுக்கட்டும்."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பெற்ற பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்று ஒரு மனுஷன் என் எலும்பைப் பார்த்துச் சொல்கிறார். நான் அவர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு, அவரை இதைச் சொல்லுமளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

"ரத்தமாப் போகுதுங்க" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "வயித்தால ரத்தமாப் போகுதுங்க. பங்குனியிலிருந்துங்க. அடக்க முடியறதில்லீங்க. ஆடி நோம்பிக்குப் பஸ்ஸுல வந்தப்பவும் அதுக்குத்தான் எறங்குனேனுங்க." மாமனார் பக்கம் திரும்பாமல் மேஜையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதுவரை கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். சளி வருகிறதா, ராத்திரியும் எழுப்புகிறதா, வலி எந்தப் பக்கம். வலி மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தச் சொன்னார். முழங்கால் தனி வியாதி இல்லை, குடலில் இருக்கும் அழற்சிதான் மூட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது போலிருக்கிறது என்றார். பின்வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கவேண்டும் என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "குழாய் விடாம எக்ஸ்ரேல பாக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"பேரியம்னு ஒரு மருந்து உள்ள குடுத்து எக்ஸ்ரே எடுக்கலாமுங்க. எடுத்தா புண்ணோட நெழல் தெரியும். ஆனா அது குடல் காசமா, இல்ல தானா வர்ற புண்ணான்னு நெழல் சொல்லாது. ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். தானா வர்ற புண்ணுக்குக் குடுக்கற மருந்தக் காசத்துக்குக் குடுத்தா அது ஒடம்பெல்லாம் பரவிப்போடும். அதனால சதை கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பாக்கோணும். அதுக்குக் குழாய்தானுங்க வழி. மோஷன் டெஸ்ட்டும் வேணும். இந்தத் தடவை டப்பா காலியா வரக்கூடாது" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். காலி டப்பாவை அவர் மறக்கவில்லை. சரிங்க என்றேன்.

குழாய் விட்டதும், சதை எடுத்ததும், காசம் இல்லை பெருங்குடல் புண் என்று தெரிந்ததும், அதற்கான மருந்தோடு நான் வாழப் பழகியதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்தபோது நடந்ததுதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

மாமனார் முன்னால் போய் அவளிடம் சொன்னார். அவருக்கும் அந்த வார்த்தை வரவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். "பாவம், மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாமா கண்ணு, பஸ்ஸுல எறங்குனது அதுக்குத்தானாமா" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு டீ வாங்கி வருவதாகப் போய்விட்டார்.

அவள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல், சேலைத் தலைப்பைத் தோளோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எம்மேல வாடை அடிக்கலீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"எம்மேல ஏதோ கெட்ட வாடை வருது, நல்ல மனுசன் சொல்ல முடியாம எந்திரிச்சு எந்திரிச்சுப் போறீங்கன்னு நெனச்சேனுங்க. பஸ்ஸுலயும் நடுவால கூடைய வெச்சேன், அப்பவும் எறங்கிப்போட்டீங்க. அம்மாகிட்ட மோந்து பாக்கச் சொன்னேன். ஒன்னும் இல்லீன்னாங்க. பெத்தவங்க அப்படித்தானே சொல்லுவாங்கன்னு இருந்துட்டேனுங்க."

மாறி மாறி வாங்கிய சோப்புகள், ஈரத்தலை, சுவரோடு ஒட்டி ஒதுங்கியது எல்லாம் அப்போது வரிசையாக வந்து நின்றன. என் நாற்றத்தை நான் மறைத்த மறைப்பில் அதை அவள் தன்னுடையது என்று எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருக்கிறாள். "இல்ல அம்மணி. உம்மேல ஒன்னுமில்ல. எல்லாம் எனக்குத்தான்" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அதற்குள் வயிறு திருகியது.

"இரு, கக்கூஸுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள்.

திரும்பி வந்து, பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பழக்கத்தில், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.